முப்பத்தேழு கிலோ இசக்கி

செவ்வாய், வடபள்ள நிலையம். மருத்துவப் பதிவு.

நாள் 611, 08:10
வழக்கமான எடைப் பரிசோதனை. சரக்குக் கப்பல் வராததால் அரை வயிற்றுச் சாப்பாடு தொடர்கிறது, நால்வருமே இளைத்துவிட்டோம். தண்ணீர் ஆலையைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிமுத்து முப்பத்தேழு கிலோ. காய்ச்சல், சளியில் கிருமி. தொற்றறையில் தனியே படுக்க வைத்திருக்கிறேன். இந்தக் கிருமிக்குக் கேட்கும் மருந்து கையிருப்பில் ஒன்றுதான். குறைத்துப் போட்டால் கிருமி சாகாது, கூட்டிப் போட்டால் சிறுநீரகம் போய்விடும். டயாலிசிஸ் இங்கே கிடையாது.

08:55
சிறுநீரகம் எந்த வேகத்தில் வடிகட்டுகிறது என்று கருவியைக் கேட்டேன். ரத்தத்தில் கிரியாட்டினின் மிகக் குறைவு, ஆகவே வேகம் 121, பிரமாதம் என்றது. பிரமாதமாம்! கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. இவர் உடம்பில் தசை எங்கே இருக்கிறது? சிறுநீரகம் பாதி செத்திருந்தாலும் ரத்தம் சுத்தமாகத்தான் காட்டும். பூமியிடம் கேட்டிருக்கிறேன்.

14:20
பூமியிலிருந்து: "கருவியின் கணக்கையே பின்பற்றவும். முழு அளவு தொடரவும்."
மூன்று வேளை சாப்பிடுகிறவர்களின் பதில். கோபப்படக்கூடத் தெம்பில்லை. முதல் ஊசி முழு அளவில் போட்டாயிற்று, அதில் ஆபத்தில்லை. அடுத்ததற்குள் ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் சேர்த்து அளக்க வேண்டும். இசக்கியிடம் கேன் கொடுத்திருக்கிறேன்.

நாள் 612, 15:00
கேனில் கொஞ்சம்தான் இருந்தது. கணக்குப்படி வடிகட்டும் வேகம் 22. நான் பயந்தபடியே. மருந்தை வெகுவாகக் குறைத்துவிட்டேன்.

நாள் 614, 11:30
காய்ச்சல் இறங்கவில்லை. ரத்த அழுத்தம்தான் இறங்குகிறது. சற்றுமுன் உள்பேசியில் இசக்கி:
"டாக்டரம்மா, ஒண்ணு சொன்னா ஏசாதீங்க. அன்னைக்கு கேன்ல கொஞ்சந்தான் புடிச்சேன். மிச்சத்த எப்பவும்போல ஆலைக் குழாய்ல விட்டுட்டேன். நாலு பேரு குடிக்கணும்லா?"
இங்கே சிறுநீர்தான் சுத்தமாகிக் குடிதண்ணீராகத் திரும்புகிறது. ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்று எங்களை விரட்டுகிறவரே அவர்தான். அளந்த பிறகு நானே ஆலையில் ஊற்றியிருப்பேன். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.
ஏசவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு அழுதேன். 22 பொய். 121 பொய். நடுவில் எங்கே? குத்துமதிப்பாக அளவைக் கூட்டிப் போட்டேன். புதுக் கேன் கொடுத்தேன்.

நாள் 615, 11:40
இசக்கி: "இந்தத் தடவ ஒரு சொட்டு விடல டாக்டரம்மா. நீங்களே வந்து பாருங்க."
குரல் இழுக்கிறது.

12:05
காப்புடை மாட்டிக்கொண்டு உள்ளே போவதற்குள் முடிந்துவிட்டது. கேனை மடியில் அணைத்தபடி இருந்தார். மூடி இறுக்கமாக

13:50
கேனை அளந்தேன். வேகம் 58. முதல் நாள் இதைவிட நன்றாகவே இருந்திருக்கும். நான் குறைத்துப் போட்டதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மருந்து போட்டிருக்கலாம். தாங்கியிருப்பார்.

14:30
இதைப் படிப்பவருக்கு: இளைத்த உடம்பில் கருவியை நம்பாதீர்கள். அளந்து பாருங்கள். ஏன் அளக்கிறோம், அளந்ததை என்ன செய்வோம் என்று படுத்திருப்பவரிடம் சொல்லுங்கள்.

15:10
கேன் மேசைமேல் இருக்கிறது. அளந்து முடித்ததிலிருந்து அதைப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.
மூன்று பேருக்குத் தண்ணீர் வேண்டும்.
ஆலையில் ஊற்றிவிட்டேன்.