பிள்ளையின் முடி

23.8.1983, செவ்வாய்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் பிட்டர் ஒருவர் தன் பிள்ளையை எங்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு, என்னிடம் அழைத்துவந்தார். பத்தொன்பது வயது. தான் பெண் என்கிறாள். தோள்வரை முடி வளர்த்திருக்கிறாள்.

"சமயபுரத்துல இவனுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேன் மேடம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா உக்காந்துருவான்."

"அம்மனுக்கு மட்டும் நீள முடி, எனக்கு மொட்டையாப்பா?" என்றாள். குரல் துடுக்குதான். கை முடியை விடவில்லை.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, "சொல்லிடுங்களேன், முடிதானே, வளர்ந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் படித்த புத்தகங்களில் இதற்குப் பெயர் உண்டு, வழி இல்லை. ஆனால் பிடித்து உட்காரவைத்து மழித்தால் இவள் அந்த வீட்டில் தங்கமாட்டாள். அது தெரிந்தது. "முடியை வெட்டக் கூடாது" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்ப வேண்டுதலுங்க?"

"வேண்டிக்கிட்டது நீங்க. உங்க தலையைக் குடுங்க."

அவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஆத்தா ஒத்துக்குவாளா?"

"கேட்டுட்டு அடுத்த வாரம் ரெண்டு பேருமா வந்து சொல்லுங்க."

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தும் கோயில் பக்கம் போகாதவள் நான். வேண்டுதலில் தலையிட எனக்கு என்ன உரிமை என்று நாளை பெரிய டாக்டர் கேட்பார். கேட்கட்டும். சீட்டைத் திருத்தமாட்டேன். அவர்கள் வரவேண்டும். இரண்டு பேருமாக.