மூன்றாம் மாடி இருமல்

பிப்ரவரி 4, செவ்வாய்

வாலுவின் கைப்பிடி பலத்தைப் பிசியோதெரபி டாக்டர் இன்று அளந்தார். வலது கை பதினொரு கிலோ. இடது நாலு புள்ளி இரண்டு. பிறந்ததிலிருந்தே அந்தக் கை அப்படித்தான். விரல்கள் மடங்கும், தாங்காது. ஒன்பது வயதாகிவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது என்றார்.

"தினமும் நாப்பது நிமிஷம் அந்தக் கைக்கு வேலை குடுங்க. எப்படிக் குடுக்கறதுங்கறது உங்க சாமர்த்தியம்."

களிமண் உருண்டையை எடுத்ததும் வாலு நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தே கேட்டாள்: "வீடியோ கேம் ஆடினா கணக்குல வருமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ரெண்டு கையும் வேணும்ங்கற கேமா இருந்தா வரும்."

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

கேம் கடையில் இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றையும் இடது கையைக் கைப்பைக்குள் விட்டுக்கொண்டு ஆடிப் பார்த்தேன். அப்படியே ஆட முடிந்தால் அந்த கேம் வேண்டாம். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் சுலபமா இருக்கறதக் கேப்பாங்க. நீங்கதான்மா தலைகீழா கேக்கறீங்க."

வாலு ஒரே இடத்தில் நின்றிருந்தாள். திரையில் ஒரு பூனை கூரைக்குக் கூரை தாவியது. ஒரே ஒரு பொத்தான்.

"அம்மா, இது."

"இது ஒரு கையால ஆடறதும்மா."

"அதனாலதான் கேக்கறேன்."

மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற கேமை வாங்கினேன். திருப்புவதற்கு இடது கட்டைவிரல், பிரேக்குக்கு இடது ஆள்காட்டி விரல், வேகத்துக்கு வலது கை. "இதுவும் விளையாட்டுதான்டி, நல்லா இருக்கும் பாரு" என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

லாரி பதினான்கு முறை பள்ளத்தில் விழுந்தது. முப்பத்தொரு நிமிடம். இடது கட்டைவிரலில் கொப்புளம். "ஊஞ்சல் சங்கிலி உரசிடுச்சு" என்றாள். மருந்து போட்டு பிளாஸ்திரி ஒட்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாம் மலை தாண்டிவிட்டாள்! நோட்டில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன்: ஒன்றில் நிமிடம், மற்றதில் தூரம். நான் வேலையிலிருந்து வருவதற்குள் பெரும்பாலும் ஆடிவிடுகிறாள், திரை காட்டுவதை எழுதிக்கொள்கிறேன். ரத்தப் பரிசோதனை லேபில் பதினெட்டு வருடம் வேலை செய்தவளுக்கு எழுதாமல் இருக்க வராது. தம்பி இரண்டு ஞாயிறாக வந்து அவளோடு உட்கார்கிறான். டிவி பழுது பார்க்கும் கடையை மூடிவிட்டு வருகிறான், பாவம். தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

வாலுவின் அப்பாவுக்கு வறட்டு இருமல். வேடிக்கை என்னவென்றால் பகலில் இல்லை. நான் வேலை முடிந்து மூன்று மாடி ஏறி வரும் நேரத்துக்குத்தான் வருகிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் பழைய கோப்புகளின் தூசியாக இருக்கும். நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுபவர், ஓய்வெடுக்கலாம். சன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காற்று படுகிறது என்றாலும் கேட்பதில்லை.

ஏப்ரல் 9, புதன்

நானே அவருக்கு ரத்தம் எடுத்தேன். ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், இன்று மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். மாதிரியைச் சக ஊழியரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். என் கண் எனக்கு வேண்டியதைப் பார்த்துவிடக் கூடாதல்லவா. எல்லாம் சரியாக இருக்கிறது. எக்ஸ்ரேயும் சுத்தம்.

"ஒண்ணுமில்ல, விடேன்" என்கிறார். எப்படி விடுவது? மாமனார் நுரையீரல் நோயில்தான் போனார். அதுவும் இப்படித்தான், சாதாரண இருமலாக ஆரம்பித்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. தினமும் வந்ததும் முதல் வேலையாக வெந்நீர் வைக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாலாம் மலை. நாற்பத்தொரு நிமிடம். லேபில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

இடது கை மூன்று புள்ளி ஒன்பது.

மூன்று முறை அளக்கச் சொன்னேன். மூன்று முறையும் அதேதான். டாக்டர் என் நோட்டைப் புரட்டினார், அவள் கையைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "நீங்க எழுதினதுல தப்பிருக்காது. ஆனா இந்தக் கை அவ்வளவு வேலை செஞ்ச கை இல்லம்மா."

பேருந்தில் வீடு வரும்வரை வாலு விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மே 8, வியாழன்

லேபில் இயந்திரம் நின்றுவிட்டது. நாலரைக்கே வீட்டுக்கு வந்தேன். சன்னலில் அவர் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது.

கன்ட்ரோலர் ஒரு தலையணை மேல் இருந்தது. வலது கை மட்டும் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தது. இடது கை மடியில் சும்மா கிடந்தது. தரையில் சாஸர் அளவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான், அதிலிருந்து ஒரு ஒயர். பொத்தான் மேல் அவளுடைய கால். லாரி வளைவில் சாய்ந்தது. "பிரேக்கு, பிரேக்குடி!" என்று அவர் கத்தினார். அவள் ஓங்கி மிதித்தாள், சிரித்தாள். நான் இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

இருமினார்.

நேருக்கு நேர் என்னைப் பார்த்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், இருமினார். அடுத்த நொடி வாலு பொத்தானைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினாள். வலது கையால் இடது கையைத் தூக்கிக் கன்ட்ரோலரில் வைத்துக்கொண்டாள். கண் திரையைவிட்டு அசையவில்லை. எத்தனை நாள் பழக்கம் இருந்தால் இவ்வளவு சுத்தமாக வரும்?

அந்த இருமல்.

ஆறு வாரம் வெந்நீர் வச்சேனே. ராத்திரி மூச்சு சீரா வருதான்னு பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேனே. ரத்தம் எடுத்தேனே — நீட்டினாரே கைய. குத்தும்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

மே 9, வெள்ளி

கேட்டேன். சொன்னார்.

"மூணு வாரம் அழுதா. நீ வர்றதுக்குள்ள மூஞ்சியக் கழுவிட்டு உக்காந்துக்குவா. அந்தக் கொப்புளம் ஊஞ்சல்ல வந்ததில்ல."

பொத்தானைச் செய்து கொடுத்தது என் தம்பி. திருப்புவதை வலது கைக்கு மாற்றியதும் அவன்தான். கேமின் அமைப்பிலேயே அதற்கு வழி இருக்கிறதாம். எனக்குத் தெரியாமல் போயிற்று.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிறுத்தியிருப்பே."

நிறுத்தியிருப்பேன். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

"அதுக்காக எக்ஸ்ரே வரைக்கும் வருவீங்களா?"

"முதல் நாளே சிரிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். நீ வெந்நீரோட வந்து நின்னே. அப்புறம் எப்படிச் சொல்றது?" சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார். என் கையில் டம்ளர் இருந்தது. வீசியிருப்பேன்.

வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு ஒரு ரகசியம் என்றால் மூன்றாவது ஆள் யார்?

மே 11, ஞாயிறு

தம்பி போன் செய்தான். "அக்கா, பாப்பா கேட்டுச்சு, செஞ்சு குடுத்தேன். அவ்வளவுதான்."

"டேய், நான் உன் கூடப்பொறந்தவடா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"மாமாதான் வேணாம்னாரு. அதுவும் இல்லாம... உங்கிட்டப் பேசினா அக்காகிட்டப் பேசறேனா, லேப்ல ரிசல்ட்டுக்கு நிக்கறேனான்னே தெரியலக்கா."

வைத்துவிட்டேன். பாவமாம் இவன். கடையை மூடிவிட்டு வந்தானாம்.

மே 17, சனி

சமையலறையில் இருந்தேன். வாலு வந்து மேடையில் சாய்ந்து நின்றாள். ஒன்பது நாளாக அவளிடம் சாப்பிடு, படு, கிளம்பு தவிர எதுவும் பேசியிருக்கவில்லை.

"நீயும்தான் சொல்லல" என்றாள்.

"நான் என்னடி சொல்லல?"

"அது விளையாட்டு இல்லன்னு. கடையில விளையாட்டுன்னுதான சொன்னே? அப்புறம் எதுக்கு நிமிஷம் எழுதினே? ஆட்டத்துக்கு யாராவது நிமிஷம் எழுதுவாங்களா?"

காய் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"நெஜ லாரியிலயும் கால்லதான் பிரேக்கு. மாமாகிட்டக் கேட்டுப் பாரு."

"உங்கப்பாவுக்கு என்னவோ ஏதோன்னு நான் பயந்தேனே, அது தெரியுமா உனக்கு?"

அவள் முகம் சுருங்கியது. "ஊசி போட்ட அன்னிக்கு அப்பா எங்கிட்டக் கேட்டாரு, சொல்லிடலாமான்னு. நான்தான் வேணாம்னேன்."

அதையும் அவள் வாயால் நான் கேட்க வேண்டியிருந்தது. ஒன்பது வயதுக் குழந்தையிடம் அனுமதி கேட்டிருக்கிறார், என்னிடம் கேட்கவில்லை. குழந்தை ஏன் வேண்டாம் என்றது? அது வேறு கேள்வி. கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியவள் நான். நாள் முழுக்க ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாததைத் தேடுகிறவள், அந்த விரலை ஒரு தரம் திருப்பிப் பார்த்தேனா?

மாலையில் நோட்டை எடுத்து மார்ச் முதல் எல்லாவற்றையும் அடித்தேன். கெட்டுப்போன மாதிரியை லேபில் கொட்டிவிடுவோம். அதோடு சண்டை போடுவதில்லை.

மே 29, வியாழன்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருமலை மட்டும் விட்டுவிட்டேன்; வெட்கமாக இருந்தது.

இனி காலையில் இருபது நிமிடம் களிமண். அதற்குப் பயிற்சி என்றுதான் பெயர், வேறு பெயர் வைப்பதில்லை. வாலு உருண்டைக்குச் "சனியன்" என்று பெயர் வைத்து, திட்டிக்கொண்டே பிசைகிறாள். திட்டட்டும். கேமுக்கு நோட்டு இல்லை.

"அந்தப் பூனை கேம வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயே, அது சின்னப் பசங்க ஆடறது."

ஜூன் 5, வியாழன்

அவருக்கு நிஜமாகவே சளி, இருமல். வெந்நீர் வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

இடது கை நாலு புள்ளி ஒன்று. தம்பியோடு இன்னும் பேசவில்லை. அவரோடு பேசுகிறேன், வீட்டுக்கு வேண்டியதை. ஆறியதா என்றால் இல்லை. தெருமுனை திரும்பும்போது அந்தச் சன்னலைப் பார்க்க இன்னும் கூசுகிறது.

இன்று பார்த்தேன். யாரும் நிற்கவில்லை.

இரண்டாம் மாடியிலேயே லாரிச் சத்தம் கேட்டது. ஆறாம் மலையாக இருக்க வேண்டும், ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுகிறாள். மூன்றாம் மாடியில் கதவுக்கு முன்னால் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றேன். பிறகு, உள்ளே கேட்கும்படி, நானே ஒரு தரம் இருமினேன்.

லாரி நிற்கவில்லை. கதவைத் திறந்தேன்.