கண்ணாடி மாதிரி ஒரு தரை

பிப்ரவரி 11

சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மாமனார் ஒரு டைலை வைத்தார். தூய வெள்ளை. "குனிஞ்சு பாருங்க மாப்ளே, தலையே சீவிக்கலாம்" என்றார். அவருடைய டைல் கடையின் மாடியில் எனக்காகக் கட்டுகிற ஜிம்முக்கு, வாசல்நடை முதல் குளியலறை வரை இதுதான் தரையாம். எடை தூக்குகிற இடத்துக்காவது தடிமனான ரப்பர் வேண்டும் மாமா என்றேன். "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, டைலில் பட்ட என் விரல் தடத்தைத் துடைத்தார்.

மாமா யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. இந்த வீட்டில் 'பாத்துக்கலாம்' என்றால் நடக்காது என்று பொருள். கல்யாணமாகி வந்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 15

சாக்பீஸோடு மாடிக்குப் போனேன். வெறும் சிமெண்ட். கோடு போட்டே காட்டினேன். ஜன்னல் பக்கம் எடை தூக்க, அங்கே ரப்பர். நடுவில் ஓடுகிற மெஷின்கள். அதிர்வு கீழே கடைக்கு இறங்காமலிருக்க அடியில் பாய். உள்ளறையில் பெண்கள் குதித்துப் பயிற்சி செய்வார்கள், கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற மரத்தரை வேண்டும், இல்லாவிட்டால் முட்டி போய்விடும். குளியலறைக்குச் சொரசொரப்பான டைல். மாமா கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"எவ்ளோ நேரா கோடு போடுறீங்க மாப்ளே" என்றார்.

அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

என் கோட்டின் மேலேயே கலவை போட்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கொத்தனார் என் முகத்தைப் பார்க்காமல், "ஐயா சொல்லிட்டாருங்க. நம்ம மேல வருத்தப்படாதீங்க" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். "அப்பா நமக்காகத்தானே மெனக்கெடறாரு" என்றாள். அதுதானே. அதுதானே என் வாயை அடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் வேலை போனபோது மாமா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படுக்க அறை, போட்டுக்கொள்ளச் சட்டை, இப்போது ஜிம். மனுஷன் கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு என்றைக்கோ கிளம்பியிருப்பேன். நல்லவர்கிட்ட என்னத்தச் சொல்லிட்டுக் கிளம்புறது?

பிப்ரவரி 20

மூச்சு முட்டுகிறது. டைல் தட்டுகிற சத்தம் நாள் முழுக்கத் தலைக்குள்ளேயே.

பிப்ரவரி 24

ரப்பர் கடைக்குப் போனேன். வாங்க இல்லை, சும்மாதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு துண்டின் மேல் ஏறி நின்றேன். பழைய பயிற்சிக் கூடத்து வாசனை. பாதங்கள் தாமாகவே அகன்று, தூக்குவதற்குத் தயாராகிவிட்டன.

நான் வீட்டுக்குள் நுழையுமுன் சேதி நுழைந்திருந்தது. "சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே மாப்ளே" என்றார் மாமா. உண்மையாகவே மனசு வாடியிருந்தார். மன்னிப்புக் கேட்டது நான். எதுக்கு?

மார்ச் 4

தரை முடிந்துவிட்டது. பார்க்க வந்த மச்சான் டம்பெல்லைத் தூக்கினான், கை நழுவிவிட்டது. டைல் மூலைக்கு மூலை விரிசல். சில்லு ஒன்று தெறித்து என் மனைவியின் கணுக்காலைக் கீறியது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் எனக்குள்ளே ஓர் அற்ப சந்தோஷம் — இனி என்ன சொல்வார்?

மாமா மகளின் காலுக்கு மருந்து போட்டுவிட்டு நிமிர்ந்தார். "டைல்தானே, போனாப் போகுது. கடையில அடுக்கிக் கெடக்கு. உடைய உடைய மாத்திக்கலாம்." பொழுது சாய்வதற்குள் கொத்தனார் மாற்றியும்விட்டார். உடைந்த சுவடே இல்லை.

டைல் கடைக்காரரிடம் டைலை உடைத்துக் காட்டி என்ன பிரயோசனம்.

மார்ச் 12

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் என்னிடம் பயிற்சி எடுத்த பெண் வந்தாள். எடைதூக்கும் போட்டிக்குத் தயாராகிறாள். தரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "சார், இதுலயா தூக்கணும்?" கீழே கடையில் மாமா யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. "ஒண்ணும் ஆகாது. தூக்கு" என்றேன்.

சொன்னது நான்தான். என் வாய்தான்.

நான் சொன்னதால் நம்பிவிட்டாள். கம்பியில் எடையை ஏற்றிக் குனிந்தாள். ஒரு கால் விரல்கடை அளவு வழுக்கியது. ஊன்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

"விடு" என்றேன்.

"ஏன் சார்?"

"விடுன்னா விடு. வீட்டுக்குப் போ."

அவள் போன கையோடு மாமா மேலே வந்தார். "மொத ஆளு மாப்ளே. ஏன் அனுப்பிட்டீங்க?"

"தரை சரியில்ல மாமா."

"பாத்துக்கலாம்."

"நான் பாத்துட்டேன் மாமா. இங்க யாரையும் தூக்கச் சொல்ல மாட்டேன்."

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனார்.

மார்ச் 13

மாமா வழக்கம்போல என் தட்டில்தான் முதலில் பரிமாறினார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 16

துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "நான் வெளியூர்ல படிக்கணும்னு கேட்டப்பவும் அப்பா இதே 'பாத்துக்கலாம்'தான் சொன்னாரு. அப்புறம் கடைக் கணக்கு எழுத உக்காந்தவதான்." மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "நாம வேற எடம் பாக்கலாமா?"

இத்தனை நாளும் இவளை இந்த வீட்டின் சுவர்களில் ஒன்றாகவே நினைத்திருந்தேன். அறைக்குள் என்னோடுதான் இருந்திருக்கிறாள்.

ஏப்ரல் 21

வாடகைக்கு ஒரு பழைய கிடங்கு கிடைத்தது. ரப்பர் ஒரு மூலைக்குத்தான் வந்தது, மீதி சிமெண்ட். மெஷின் கிடையாது, உள்ளறை கிடையாது. அந்தப் பெண் வருகிறாள், இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்திருக்கிறாள். திடீர் திடீரென்று பயம் பிடிக்கிறது — இதுவும் நடக்கவில்லை என்றால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

மாமா அந்த மாடியை ஷோரூம் ஆக்கிவிட்டாராம்.

மே 9

மாமா வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ரப்பர் மேல் நடந்தார். குனிந்து கட்டைவிரலால் அமுக்கினார். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்க வழுக்குமே" என்றார்.

"ஆமா மாமா. இன்னும் ஒண்ணும் போடல."

"சொரசொரப்பா ஒரு டைல் இருக்கு. அனுப்பட்டுமா?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார். என்னிடம் அவர் அப்படி நின்றதில்லை.

"அனுப்புங்க மாமா" என்றேன்.

மே 11

வண்டி வந்தது. கிடங்கு முழுக்க ஒட்டுகிற அளவுக்கு டைல், கூடவே கொத்தனார். குளியலறைக்கு வேண்டியதை மட்டும் இறக்கச் சொன்னேன்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "எல்லாத்தையும் ஒட்டிட்டு வரச் சொன்னாருங்களே ஐயா. கேட்டா என்ன சொல்றது?"

"நான் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லுங்க."

வண்டி மீதியோடு திரும்பிப் போனது. நான் கலவைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.