டீச்சருக்கு இருபத்துமூன்று வரி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம். அதேபோல் அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போவதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை அந்த வரியைப் போட எனக்குக் கை வரவில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்பதைப் போன வாரம்தான் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடு, கொஞ்சம் சிரிப்பு, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். போனில் கேட்டால் நீ ஒன்னுமில்லம்மா என்பாய், நானும் சரிப்பா என்று வைத்துவிடுவேன், காகிதம் என்றால் நீயும் நடுவில் பேச்சை மாற்ற முடியாது, நானும் நழுவ முடியாது. கடையில் தையல் மெஷின் பலகை மேலேயே வைத்து எழுதுகிறேன், எழுத்து ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் திங்கட்கிழமை ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போனார், கோளாறு உச்சியில் மோட்டார் அறையில், லிஃப்ட் ஓடாதே, அதனால் லிஃப்ட் மெக்கானிக் பன்னிரண்டு மாடியும் படியேறிப் போனார், இதை அவரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு யாரும் சிரிக்கக்கூடாது என்றும் சொன்னார். தங்கை கடைசி வருஷப் பரீட்சைக்குப் படிக்கிறாள், படிக்கிறாயா என்று கேட்டால் எரிந்து விழுகிறாள், அதனால் படிக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் ஏழரை மணிக்கு ஒரு சீரியல் ஓடும், உனக்குத் தெரியும், அது எப்படி நம் வீட்டுக்குள் வந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்காது. நீ இங்கே இருந்தபோது ஏழரை மணி என்றால் நீ வேலை விட்டு வந்து வாசலில் ஷூவைக் கழற்றி ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் எறியும் நேரம். நீ வெளிநாடு போன முதல் வாரம் அந்த நேரம் வந்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாது, வீடு அப்படி வெறிச்சென்று இருக்கும், காதுக்கு ஏதாவது ஒரு சத்தம் வேண்டுமே என்றுதான் டிவியைப் போட்டேன். அதில் ஒரு பள்ளிக்கூட டீச்சருடைய கதை ஓடிக்கொண்டிருந்தது, நல்ல பெண், புருஷன் வாயில்லாப்பூச்சி, மாமியார் வாய் மட்டுமே உள்ளவள். முதலில் ஒரு காதால் கேட்டேன், அப்புறம் ஒரு கண்ணால் பார்த்தேன், ரெண்டே மாதத்தில் முழு ஆளாக உள்ளே போய்விட்டேன். அவள் பெயர்கூட என் வாயில் வராது, டீச்சர் டீச்சர் என்றே பழகிவிட்டது. போன மாதம் அவள் மேல் ஒரு கார் மோதி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள், அன்றிலிருந்து எனக்கும் பாதி நினைவுதான். பாங்க் மேனேஜர் ஒருவர் பேன்ட் நீளம் குறைக்கக் கொடுத்திருந்தார், ஒரு காலை மட்டும் ரெண்டு அங்குலம் கூடுதலாக வெட்டித் தைத்து வைத்துவிட்டேன், அவர் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கால் மட்டும் தண்ணியில எறங்கப் போற மாதிரி இருக்கும்மா என்றார். நல்ல மனுஷன்.

போன வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் நம் வீட்டில். நாற்காலி போதாமல் கட்டில் விளிம்பிலும் ரெண்டு பேர், மொத்தம் ஒன்பது பேர். என் முறை வந்ததும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே போகிறேன், எதிர்வீட்டு டிரைவருடைய கால் முறிவுக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, வேலை இல்லாதவர்களுக்காக, அப்படியே நூல் அறாமல், ஆண்டவரே அந்த டீச்சரையும் நினைத்தருளும், தலையில் அடிபட்டுக் கிடக்கிறாள், புருஷன் எட்டிப் பார்க்கவில்லை, பிள்ளையை மாமியார் பிடுங்கிக்கொண்டாள், மருந்தையும் மாற்றிக் கொடுக்கப் பார்க்கிறாள், அவள் கண்களைத் திறந்தருளும் என்று குரல் தழுதழுக்க ஜெபித்தேன். எல்லாரும் ஆமென் ஆமென் என்கிறார்கள், கட்டில் ஓரத்தில் இருந்த நர்ஸ் மூக்கை உறிஞ்சுகிறாள். முடிந்ததும் பாஸ்டரம்மா கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, எந்த ஆஸ்பத்திரி அக்கா, நாளைக்கே போய்ப் பாத்துட்டு வந்துடலாம், அந்தக் கொழந்தைக்கும் ஏதாவது செய்யணுமே என்று பேனாவைத் திறந்தார். நானும் யோசிக்காமல், மூணாவது மாடி, பதினாலாம் நம்பர் ரூம் என்றேன். அவர் எழுதியும் விட்டார். ஆஸ்பத்திரி பெயர் என்ன என்று மனதுக்குள் தேடுகிறேன், தேடுகிறேன், கிடைக்கவில்லை, அப்புறம்தான் அப்படி ஒரு ரூமே எந்த ஊரிலும் இல்லை என்பது உறைத்தது. என் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். நர்ஸ்தான் காப்பாற்றினாள், அக்கா எனக்கு அப்பவே தெரியும், நானும் பாக்கறேன், ஆனா நீங்க ஜெபிச்சது நல்லாத்தான் இருந்துச்சு என்றாள். பிறகு ஒன்பது பேரும் சிரித்த சிரிப்பில் தங்கை என்னவோ ஏதோ என்று உள்ளறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். பாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அந்த வரியை அடித்தார்.

எல்லாரும் போன பிறகு கப்புகளைக் கழுவும்போது எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. இவள் எப்படி என் ஜெபத்துக்குள் வந்தாள், கதவைத் திறந்துவிட்டது யார்? கையைத் துடைத்துக்கொண்டு என் ஜெப நோட்டை எடுத்துப் பார்த்தேன், உனக்கென்று வைத்திருக்கும் பக்கத்தில் வாராவாரம் ஒரே மாதிரி, மகன், வேலை, சுகம், அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு இடது பக்கம் டீச்சரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் வலது பக்கம் உன்னைப் பற்றித் தெரிந்ததையும் எழுத ஆரம்பித்தேன். டீச்சர் எத்தனை மணிக்கு எழுவாள், கைப்பையில் எந்தப் பக்க வார் அறுந்திருக்கிறது, ஸ்டாஃப் ரூமில் யார் அவளுக்கு எதிரி, பயந்தால் எந்த விரல் நகத்தைக் கடிப்பாள், எழுத எழுத வருகிறது, இருபத்துமூன்று வரி வந்தது தம்பி. உன் பக்கம் ஐந்து வரி. கிடங்கில் வேலை, ரெண்டாவது ஷிஃப்ட், மூன்று பேரோடு ஒரே அறை, இருமல் வந்து போய்விட்டது, ஞாயிறு ஆராதனைக்குப் போகிறான். தங்கை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, அண்ணனுக்கு ஷிஃப்ட் மாறி நாலு மாசமாச்சு, ரூமும் மாறிட்டான், இப்ப தனியா இருக்கான் என்றாள். யாரிடம் சொன்னான் என்று கேட்டேன். உங்ககிட்டதாம்மா போன்ல சொன்னான், நான் பக்கத்துலதான் இருந்தேன், நீங்க சவுண்டக் கொறைச்சு வச்சிட்டு படத்தப் பாத்துக்கிட்டே உம் உம்னு சொல்லிட்டிருந்தீங்க என்றாள். ரெண்டு வரியை அடித்தேன். மீதி மூன்று.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்து இன்னொன்று நினைவுக்கு வந்தது. டீச்சர் மேல் கார் மோதிய அன்று நீ கூப்பிட்டாய், கார் மோதியதால்தான் எனக்கு நாள்கூட நினைவிருக்கிறது பார். நீ எப்போதும் ஏழரைக்குத்தான் கூப்பிடுவாய், வீட்டுக்கு வந்து சேரும் பழைய நேரம் உனக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது. அம்மா, ஒரு விஷயம் சொல்லணும் என்றாய். நான், ஒரு நிமிஷம் இருப்பா, விளம்பரம் வந்துடட்டும் என்றேன். விளம்பரமும் வந்தது, சொல்லுப்பா என்றேன், நீ ஒன்னுமில்லம்மா, சாப்ட்டீங்களா என்று கேட்டாய், சாப்பிட்டோம் என்றேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவேயில்லை. நல்லா இருக்கேன், வேலை அதிகம், அப்புறம் பேசறேன், இப்படி மெசேஜ்தான் வருகிறது, நானும் வேலை அதிகம்தான் என்று நம்பிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்ல வந்தாய்? தங்கைக்கும் தெரியவில்லை. வேலையில் ஏதாவது தகராறா, உடம்பா, யாரையாவது பிடித்திருக்கிறதா, மூன்று பேரோடு இருந்தவன் ஏன் தனியாகப் போனாய், யாராவது மனம் நோகப் பேசினார்களா? பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயத்தைவிடத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்புதான் பெரிதாக இருக்கிறது.

டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதே. சபையில் ஆர்கன் வாசிப்பவர் மூன்று மாதமாக டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார், பக்திமான், ஆனால் மேட்ச் நாளில் அவரைத் தேடினால் மச்சான் வீட்டில்தான் இருப்பார். கதை பார்ப்பது பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆண்டவரே கதை சொல்லித்தானே போதித்தார், தொலைந்துபோன ஆடு, வீட்டை விட்டுப் போன மகன், வழியில் அடிபட்டுக் கிடந்தவன், எல்லாம் கதைதான். ஆனால் அவர் சொன்ன கதையைக் கேட்டவன் எழுந்து யாரையாவது தேடிப் போக வேண்டியிருந்தது, என் கதை முடிந்தால் நான் எழுந்திருப்பதே இல்லை, அதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும். டீச்சருக்காக வந்த கண்ணீரும் பொய்யில்லை, அது ஆண்டவர் கொடுத்த இரக்கம்தான், நான்தான் விலாசம் மாற்றி அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன், செய்திச் சேனலில் கத்துகிறவர்களோடு சேர்ந்து தானும் கத்தாவிட்டால் சாப்பாடு இறங்காத மனுஷன், ஏழரையிலிருந்து எட்டு வரைக்கும் அணைச்சுத்தான் பாப்போமே, என்ன ஆகுதுன்னு என்றார். ஐந்து நாளாக அணைத்திருக்கிறோம். முதல் நாள் பிரிட்ஜ் முனகுவதும் மேல்வீட்டில் நாற்காலி இழுப்பதும்தான் கேட்டது, ரெண்டாம் நாள் அப்பா மூக்கால் பாடுவது கேட்டது, அதுக்கு டிவியே மேல் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவராகவே பேசினார். உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு நேரே வேலைக்குப் போன அன்று மோட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். ரெண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. ஒரே சோபாவில்தானே உட்கார்ந்திருந்தோம் தம்பி! நர்ஸிடம் விசாரித்தேன், அதையும் மறைக்கவில்லை, டீச்சர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லையாம், ஐந்து நாளில் நான் ஒன்றையும் தவறவிடவில்லை.

நீயும் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன்தான், என் பிள்ளை வேறு எப்படி இருப்பாய். ஒரு வேளையாவது அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார், எதிரே யாருமே இல்லையென்றால் அதையும் எனக்கு எழுது. இருமல் திரும்ப வந்தால் அலட்சியப்படுத்தாதே. இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரைக்கும் எண் மட்டும் போட்டிருக்கிறேன், பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், யார் உன்னைச் சிரிக்க வைக்கிறார்கள், எதை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, எல்லாம் எழுதி அனுப்பு. கர்த்தருக்கு உன் தலைமயிர் எத்தனை என்பதுகூடத் தெரியும், விவரம் தெரியாமல் ஜெபித்துக்கொண்டிருந்தவள் நான்தான். அவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, தனி அறையிலும் உன்னோடு கூட இருப்பாராக. அப்பாவும் தங்கையும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். ஏழரை மணிக்கு டிவி அணைந்திருக்கும், போன் என் மடியில் இருக்கும், அது முதலிலிருந்தே உன்னுடைய நேரம்தான். கூப்பிட மனம் வராவிட்டால் அந்தத் தாளில் முதல் வரியை மட்டுமாவது நிரப்பு, அன்றைக்குச் சொல்ல வந்ததை அங்கே எழுது, நல்லதோ கெட்டதோ, பாதியில் நிறுத்தாமல் எழுது, இந்தத் தடவை அம்மா உன்னை இரு என்று சொல்லமாட்டேன்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
உன் அம்மா