யாரும் நினைக்காத ஆத்துமாக்களுக்கு

அன்புள்ள அம்மா,

இன்று கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் மெழுகு உருகும் வாசனையும் சாமந்திப்பூ வாசனையும் சேர்ந்து வந்ததுமே நீ பக்கத்தில் நடந்து வருவதுபோல் இருந்தது. பூக்காரப் பெண் என்னையும் கேட்டுவிட்டாள்: "மெழுகுவத்தி எத்தினி பேருக்குக்கா?" வருஷா வருஷம் நீ பதில் வராமல் நின்ற கேள்வி. அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. மூன்றாவதைக் கேட்காமல் இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தொண்ணூறாம் வருஷம், வேலூருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய தம்பி திரும்பவே இல்லை. போலீஸ், சொந்தக்காரர், தெரிந்தவர் என்று அலைந்து ஓய்ந்தோம். இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. மோட்சத்துக்குப் போகுமுன் கறை நீங்க ஆத்துமாக்கள் காத்துக்கிடக்கும் இடம் உத்தரிக்கிற ஸ்தலம், அங்கே இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்ள முடியாது, பூமியில் இருக்கும் நாம்தான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அவன் செத்துப்போயிருந்தால் அவனுக்காக வேண்ட உன்னை விட்டால் யார்? உயிரோடு இருந்தால், இறந்தவர்களோடு சேர்த்து அவன் பெயரைப் பெற்ற வாயால் எப்படிச் சொல்வாய்? இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நீ பட்ட பாடு கொஞ்சமா?

பங்குச் சாமியாரிடம் கேட்டாய். "எந்த செபமும் வீணாப் போவாதும்மா. யாருக்குச் சேரணும்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். நல்ல பதில்தான். நீயோ வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அவருக்குத் தெரியும், சரி. எனக்குத் தெரிய வேணாமா?" என்று முணுமுணுத்தாய். கடவுளிடமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள உன்னால்தான் முடியும். அன்று முதல் வீட்டில் செபமாலை முடிந்ததும் கூடுதலாக ஒரு செபம் சேர்ந்தது: "யாருமே நெனைக்காத ஆத்துமாக்களுக்காக." என்ன இரக்க குணம் என்று பக்கத்து வீட்டு அக்கா மெச்சினாள். பெயர் சொல்லாமல் நீ அதை யாருக்கு அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாதா?

செங்கம் ரோட்டில் தாடியும் காவியுமாக அவனைப்போல ஒருவரைப் பார்த்ததாக யாரோ சொல்ல, பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாயங்காலம் நீ அண்ணாமலையைச் சுற்றும் மலைப்பாதைக்குக் கிளம்பினாய். கழுத்தில் செபமாலை போட்ட பெண் கிரிவலப் பாதையில்! அதுவும் ஊரே வலமாகச் சுற்றிவர, நீ மட்டும் எதிர்ப்பக்கமாக. அடி அண்ணாமலையில் டீக்கடைக்காரர் பதறிவிட்டார்.

"யம்மா, இப்டி சுத்தக்கூடாதும்மா, திரும்புங்க!"

"எனக்கு முதுகு வேணாம்பா. மொகம் தெரியணும்."

எதற்கு என்று நான் சொன்னேன். அடுத்த பௌர்ணமிக்குப் போனபோது வெளியே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். "இங்க குந்துங்கம்மா. எல்லாரும் இந்தப் பக்கமாத்தான் வருவாங்க." வருஷக்கணக்காக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, போகிற சாதுக்களின் தாடிக்குள் மகனைத் தேடினாய். கால் வீங்கிப்போகும் என்று திட்டிக்கொண்டே நானும் பக்கத்தில் நின்று தேடினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு படுத்துவிட்டாய். பங்குச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனதும் என்னைக் கூப்பிட்டாய். எத்தனையோ நாளுக்குப் பிறகு உன் முகத்தில் ஒரு தெளிவு.

"நேரா மோட்சத்துக்குப் போற அளவுக்கு நான் ஒண்ணும் புண்ணியவதி இல்லடி. உத்தரிக்கிற ஸ்தலம்தான். அதுவும் நல்லதாப் போச்சு. அங்க ஒரு தரம் நல்லாப் பாத்துடறேன். அவன் இருந்தான்னா நான் கூட்டிக்கினு போயிடறேன். இல்லன்னா இங்கதான் எங்கியோ இருக்கான். நீ பாத்துக்க."

எல்லோரும் நடுங்குகிற இடத்துக்கு, தேடாமல் விட்டுப்போன ஓர் ஊருக்குப் போகிறவள்போல நீ கிளம்பினாய்.

வேங்கிக்கால் ஆபீஸ் விட்டதும் பௌர்ணமிகளில் நானும் மலைப்பாதைக்குப் போகிறேன். பாதி வேலையை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாயே. உன்னை நினைத்தால் அழுகைதான் வருகிறது, ஆனாலும் போகிறேன்.

இன்று பூசையில் சாமியார் உன் பெயரைச் சொல்லி, சீக்கிரம் மோட்சத்தில் நித்திய இளைப்பாற்றி தரும்படி வேண்டினார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. எந்த மகளாவது இப்படிக் கேட்பாளா தெரியாது, அம்மா. கண்ணை மூடிக்கொண்டு நான் கேட்டது வேறு.

"அவசரம் வேணாம் ஆண்டவரே. எங்கம்மா இன்னும் தேடி முடிக்கல."