இடக்கைப் பக்கத்து ஓம்

இன்று காலை வேலிக் கம்பி காலைக் கீறிவிட்டது. பிளாஸ்டரைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பல்லால் கிழிப்பது உன் பழக்கம். சின்ன வயதில் வந்த போலியோவுக்குப் பிறகு உன் வலக்கை மடியிலேயே கிடந்தது.

மின்சாரம் இருந்த காலம் அது. நகரத்து மாடியொன்றில், வீட்டு வரைபடம் கீற ஒரு கொம்பியூட்டர். அதில் பழக நாம் இருவர். நீ உரும்பிராயிலிருந்து பஸ்ஸில் வருவாய். பாதிக் கட்டளைகளுக்கு இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். உன்னால் முடியாது. பழக்கிய மாஸ்டரிடம் கேட்டு, கீகளின் வேலையை மாற்றும் சிறு கோப்பொன்றை எழுதினோம். எல்லாம் இடப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரே கீ. கீகளின் மேலே, எழுத்துப் போட்ட பிளாஸ்டர் துண்டுகள்: கோட்டுக்குக் கோ, வட்டத்துக்கு வ. படத்தைச் சேமிக்கவா என்று திரை கேட்கும்போது அழுத்த, ஓமுக்கு ஓ.

“ஏனடி, ‘யெஸ்’ எண்டு வைச்சால் என்ன?” என்றேன்.

“உந்த மெசின் எங்கடை ஊரிலையெல்லோ இருக்குது. ஓம் எண்டு கேட்டுப் பழகட்டும்.”

பிறகு, படம் கீற ஆள் தேடி எஞ்சினியர் ஒருவர் வருவதாக இருந்தது. ‘கை ஏலாத பிள்ளை’ என்று வீட்டில் சொல்வது நிற்க வேண்டுமென்றால் உனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும். அவர் வருமுன் நான் பிளாஸ்டர்களை உரித்தேன். கோப்பையும் நீக்கினேன். அவற்றைக் கண்டால் உன்னைக் குறைவாக எண்ணிவிடுவாரோ என்ற பயம். உன்னிடம் கேட்கவில்லை. அந்த வேலை எனக்கும் தேவைப்பட்டது என்பதை அன்று நான் நினைக்கவில்லை. இன்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வந்தவர் ஒரு வீட்டைக் கீறிக் காட்டச் சொன்னார். நீ வெறும் கீகளைக் கண்டாய். அவர் பக்கத்தில் நின்றார். பேனையை வாயில் கவ்வி இரண்டாவது கீயை அழுத்தினாய். அறை, யன்னல், கதவு எல்லாம் வந்தன. கடைசியில், சேமிக்கவா என்று திரை கேட்டது. பழகிய விரல் ஓ இருந்த இடத்துக்கே போனது. கோப்பு இல்லாததால் உன் ஓமை மெசின் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டது. படம் முழுவதும் போய்விட்டது.

வேலை எனக்குக் கிடைத்தது.

படியில் இறங்கும்போது கேட்டாய்: “ஆரின்ரை கண்ணுக்கு மறைச்சனீ? அவரின்ரையோ, உன்ரையோ?”

செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகி நீ படுத்திருந்தபோது வந்தேன். “இன்னும் கோவமோ?” என்றேன்.

“ஓம்” என்றாய். பிறகு சிரித்தாய். “அந்தத் தோடம்பழத்தை உரிச்சுத் தா. உரிக்கிறதிலை நீ கெட்டிக்காரியெல்லோ.”

அடுத்த கிழமை நீ இல்லை.

இப்போது சண்டையால் மின்சாரம் இல்லாததால் காகிதத்தில்தான் கீறுகிறேன். நேற்று எங்கள் கந்தோருக்குப் படம் கீறும் வேலைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். அவளுடைய மேசையில் கோடு போடும் அடிமட்டத்தை வலப்பக்கம் வைக்கப் போன என் கை நின்றது.

“உமக்கு எந்தப் பக்கம் வசதி?” என்று கேட்டேன்.

இரண்டு கையும் நன்றாக இருக்கிற அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவள் பதில் சொல்லும்வரை அடிமட்டத்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.