உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு

அக்கா,

இன்று காலை ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தேன். உப்பு டப்பாவின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தது. பக்கத்தில் சர்க்கரை டப்பாவில் இரண்டு. நான் மாட்டவில்லை. உங்கள் கொழுந்தனாரைக் கேட்டேன். "நான் எதுக்கு அங்க போறேன்? காப்பித்தூள் எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது" என்றார். அது சத்தியம், உங்களுக்கே தெரியும். மகன் ஹாஸ்டலில் இருக்கிறான். இந்தத் திண்டிவனம் வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான்.

நீங்கள் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

விழுப்புரத்தில், கோலியனூர் போகிற ரோட்டில் இருந்த நம் பழைய வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாக வந்தபோது, ஸ்டோர் ரூம் உங்கள் ராஜ்யம். பிஸ்கட் டின், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத டப்பாக்கள். எல்லாவற்றிலும் ரப்பர் பேண்ட். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, ஆப்பசோடாவுக்கு மூன்று. பூப் பொட்டலத்தில் வருவதைக்கூட விடாமல் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் கைகள் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். "எட்த்த பொருள எட்த்த எடத்துல வையி ஸ்டெல்லா. ஒரு விரக்கடை தள்ளி வெச்சாலும் எனக்கு பேஜாரு" என்பீர்கள். மூத்த மருமகளின் அதிகாரம் என்று நான் உள்ளுக்குள் பொருமுவேன்.

மகன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு முன், கண்டமங்கலத்தில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லி இரண்டு நாள் போனீர்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரே மாதிரி இருபத்து நான்கு கண்ணாடி டப்பா வாங்கினேன். எல்லாவற்றையும் கொட்டி நிரப்பி, முத்து முத்தாக எழுதி லேபிள் ஒட்டினேன். தினமும் வேண்டியது கண்ணுக்கு நேரே, எப்போதாவது வேண்டியது மேல்தட்டில். ரப்பர் பேண்டுகளைக் கூட்டிக் குப்பையில் போட்டேன். நீங்கள் திரும்பி வந்து ஸ்டோர் ரூம் வாசற்படியிலேயே வெகுநேரம் நின்றீர்கள். பிறகு உள்ளே போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தடவினீர்கள். "அழகாத்தான் கீது" என்றீர்கள். அந்த இடத்திலேயே என்னை நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா?

விருந்தன்று சேமியா பாயசத்துக்கு இனிப்புப் போட்டது நீங்கள். பங்குச் சாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, தவக்காலம் முன்கூட்டியே வந்ததுபோல் விழித்தார். ஒரே உப்பு. நாற்பது பேர் முன்னால் நான் கேட்டேன்: "கண்ண எங்கக்கா வெச்சிருந்தீங்க? நான்தான் லேபிள் ஒட்டி வெச்சிக்கிறேன் இல்ல?" எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "எங்கியாவது வெச்சிருப்பேன், கெடச்சா எட்த்துக் குடு" என்றீர்கள்.

அதன்பிறகு நீங்கள் அந்த அறைக்குள் போகவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்களுக்கு உடுத்த நல்ல புடவை தேடியபோது, ஜெபப் புத்தகத்துக்குள் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது. இரண்டு கண்ணிலும் பார்வை இனித் திரும்பாது என்று விருந்துக்கு ஒரு வருடம் முன்பே எழுதியிருந்தார்கள். கண்டமங்கலத்துக்கென்று பஸ் ஏறி நீங்கள் போனதெல்லாம் அங்கேதான். மூத்தார் உங்களைத் தனியாக விட்டுக் காலமான பிறகு, பாரமாகிவிடுவோமோ என்ற பயம் ஒன்றுதான் உங்களுக்கு. நான் குப்பையில் கொட்டியது உங்கள் பார்வையை. அந்தச் சீட்டை யாரிடமும் காட்டவில்லை. வெட்கம்.

இந்த வீடு கட்டும்போது ஸ்டோர் ரூம் என் திட்டம். கடப்பா கல் தட்டுகள் தரையிலிருந்து லாஃப்ட் வரைக்கும், என் உயரத்துக்கு. ஒருநாள் போய்ப் பார்த்தால் எல்லாத் தட்டும் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பதித்திருந்தது. மேஸ்திரியைப் பிடித்துக் கத்தினேன். அவர் முழித்தார். "நீங்கதானேம்மா நேத்து இங்க நின்னுக்கினு காட்டுனீங்க? கண்ண மூடிக்கினு கைய நீட்டி, இங்க உப்பு, இங்க சக்கரைன்னீங்க. நான் சாக்பீஸ்ல கோடு போட்டுக்கினேன்."

முந்தின நாள் நான் அங்கே போனது உண்மை. கண்ணை மூடியது ஞாபகம் இல்லை. அந்த உயரத்தில் கையை நேரே நீட்ட நான் முழங்காலை மடக்கி நின்றிருக்க வேண்டும். நீங்கள் என்னைவிட அரையடி குள்ளம், அக்கா.

குடிவந்த பிறகும் அப்படித்தான். உப்பை வலது ஓரத்தில் வைப்பேன். மறுநாள் இடது ஓரத்தில் இருக்கும். தீர்த்தம் தெளித்தேன். ஜெபமாலை சொன்னேன். பகல் பதினோரு மணிக்கு அந்த வாசலில் நின்று, "மன்னிச்சிடுங்கக்கா" என்று சத்தமாகவே சொன்னேன். மிக்சி ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அது பக்கத்து வீடுதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை அவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து லேபிளைப் படிக்கப் பார்த்தேன். எழுத்து கரைந்துபோயிருந்தது. பல மாதமாகவே அப்படித்தான். மூக்குக்கண்ணாடியைக் குறை சொன்னேன். பல்பைக் குறை சொன்னேன். அவரும் இரண்டு முறை பல்பு மாற்றிவிட்டார். கண்ணை மூடிக் கையை நீட்டினேன். தடவத் தேவையே இல்லாமல் டப்பா கைக்குள் வந்தது. ஒரு ரப்பர் பேண்ட். நாக்கில் வைத்தேன், உப்பு. கையை இழுக்கும்போது மணிக்கட்டில் ஏதோ உறுத்தியது. நான்கு ரப்பர் பேண்ட். எப்போது மாட்டினேன், நான்தான் மாட்டினேனா, தெரியவில்லை.

பயந்துவிட்டேன், அக்கா. உங்களுக்கு இல்லை. நானும் உங்களைப் போல வாயை மூடிக்கொண்டே இருந்துவிடுவேனோ என்று.

அவரைக் கூப்பிட்டேன். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க" என்றேன். உங்கள் சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். நாளைக்குப் புதுச்சேரி பஸ். யாராவது கேட்டால் கண் ஆஸ்பத்திரி என்றே சொல்லப்போகிறேன்.

பிறகு ஸ்டோர் ரூமுக்குள் வந்தார். "எது எங்க கீதுன்னு எனக்கும் காட்டு" என்றார். கண்ணை மூடச் சொல்லி, அவர் கையைப் பிடித்து உப்பு டப்பாவின் மேல் வைத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "என்னா, உன் கை அண்ணி கை மாரி சில்லுன்னு கீது?"

நான் கையை எடுக்கவில்லை. அடுத்து சர்க்கரையைக் காட்டினேன்.